பினாங்கில் புயல்மழைக்கு முன்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ வளர்ந்தவருக்குப் புயலைப் பற்றி யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். புயல் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் மையம் கொண்டிருக்கிறது என்று வானொலி சொல்லும். கரையைக் கடப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ஊர் விழித்துக்கொள்ளும். அப்படிப் பழகியவர்கள் பாயான் லெப்பாசுக்கோ பட்டர்வொர்த்துக்கோ வேலைக்கு வந்து குடியேறியதும் அக்கம்பக்கத்தில் விசாரித்தால், "இங்கே புயலெல்லாம் வராது" என்ற பதில் கிடைக்கும்.

அது பெரும்பாலும் உண்மைதான். பினாங்கு பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரி வடக்கே இருக்கிறது. புயல் சுழல்வதற்குப் புவியின் சுழற்சி தர வேண்டிய உந்துதல் இந்த அட்சரேகையில் மிகவும் குறைவு. மேற்கே சுமத்ராவின் மலைத்தொடரும் அரணாக நிற்கிறது. ஆனாலும் 1996 டிசம்பரில் சபா மாநிலத்தின் கெனிங்காவ் பகுதியில் கிரெக் புயல் இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தது. 2001 டிசம்பரில் வாமெய் ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் சென்யார் மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, சுமத்ராவைச் சீரழித்துவிட்டுத் தீபகற்ப மலேசியாவுக்குள் நுழைந்தது.

பினாங்குக்காரர்கள் மறக்காத இரவு எதுவென்று கேட்டால், 2017 நவம்பர் 4 என்பார்கள். அன்று சனிக்கிழமை. பெயர் சூட்டப்பட்ட எந்தப் புயலும் பினாங்கில் கரை கடக்கவில்லை. பலத்த காற்றும் விடாத மழையும் மட்டுமே. தீவிலும், எதிரே பெருநிலத்தில் பினாங்கின் மறுபாதியான செபராங் பிறையிலும் வீடுகளுக்குள் இடுப்பளவு, சில இடங்களில் அதற்கும் மேலாக நீர் ஏறியது. அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங் அதிகாலையில் ராணுவத்தின் உதவியைக் கேட்க வேண்டியதாயிற்று. ஏழு பேர் உயிரிழந்தார்கள்.

இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கச் சூறாவளி வழிகாட்டிகள் ஜன்னலுக்குப் பலகை அடிக்கச் சொல்கின்றன, பெட்ரோல் நிரப்பி உள்நாட்டுப் பக்கம் நூறு மைல் போகச் சொல்கின்றன. நாள்கணக்கில் அவகாசம் உள்ள ஊருக்கு அவை பொருந்தும். பினாங்கில் உங்களுக்குக் கிடைப்பது சில மணி நேரம், அதுவும் பெரும்பாலும் எல்லோரும் உறங்கும் நேரம். மழை கொட்டத் தொடங்கிய பிறகு செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். வீடு வெயில் காலத்திலேயே ஆயத்தமாக இருந்தாக வேண்டும்.

முதலில், வீடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஒரே தாமானில், அதாவது ஒரே குடியிருப்புப் பகுதியில், இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீடுகளுக்கு இரண்டு விதமான ஆபத்து இருக்கும். வீட்டு முகவர் இதைச் சொல்ல மாட்டார். நீங்களே கண்டுபிடிக்கலாம், அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

அண்டை வீடுகளின் வாசலைப் பாருங்கள். கதவுக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குச் சிறு சுவர் கட்டியிருந்தாலோ, வாசல் நிலையின் இருபுறமும் தகடு செருகுவதற்கான இரும்புப் பள்ளம் இருந்தாலோ, அந்தத் தெருவில் வெள்ளம் வந்திருக்கிறது என்று பொருள். வீட்டுக்குள் மின்செருகிகள் மார்பளவு உயரத்தில் பொருத்தப்பட்டிருந்தாலும் அதே பொருள்தான். சுவரில் புதிய சாயம் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தால் கேளுங்கள். தெருமுனை மளிகைக் கடைக்காரரும் கோயில் குருக்களும் "எதுவரை நீர் வந்தது" என்பதைக் கையால் தொட்டே காட்டுவார்கள். எந்த வரைபடமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

ஆற்றோரமும் தாழ்வான பகுதியும் முதல் வகை. ஜார்ஜ் டவுனில் சுங்கை பினாங்கு ஆற்றை ஒட்டிய பகுதிகள், ஜாலான் பி. ராம்லி சுற்றுவட்டாரம், பெருநிலத்தில் ஜூரு ஆற்றை ஒட்டிய குடியிருப்புகள் எல்லாம் இதில் அடங்கும். இங்கே மழையின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, கடலையும் பார்க்க வேண்டும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஆற்று நீர் வெளியேற வழியில்லாமல் பின்வாங்கித் தெருவுக்குள் வருகிறது. கடல் மிக உயரமாக ஏறுவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில். உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே இதைச் சொல்லிவிடும். 2017 நவம்பர் 4ஆம் நாள் பௌர்ணமி. பினாங்கில் ஆண்டின் மிகுந்த மழை செப்டம்பர் முதல் நவம்பர் வரை பெய்கிறது, அதன் நடுவே அமாவாசையை ஒட்டி வருகிறது தீபாவளி. அந்த வாரத்தில் தொடர்மழை எச்சரிக்கை வந்தால் தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் இரட்டிப்புக் கவனத்துடன் இருக்க வேண்டும்.

மலையடிவாரம் இரண்டாம் வகை. ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், தஞ்சோங் பூங்கா போன்ற இடங்களில் நீர் தேங்குவதைவிட மண் சரிவதுதான் பெரிய அச்சம். 2017 அக்டோபர் 21ஆம் நாள் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் ஏற்பட்ட நிலச்சரிவில் பதினொரு தொழிலாளர்கள் மடிந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் சரிவோ தடுப்புச் சுவரோ இருந்தால் மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். சுவரில் புதிய விரிசல், சுவர் வயிறு தள்ளியது போன்ற வீக்கம், அடைபட்ட வடிகால் துளைகள், ஒரே பக்கம் சாயும் மரங்கள், காரணமில்லாமல் இறுகிப்போகும் கதவு, மழை நின்ற பிறகும் சரிவிலிருந்து கசியும் கலங்கல் நீர், இவற்றில் எதைப் பார்த்தாலும் மாநகர் மன்றத்துக்குப் படத்துடன் புகார் கொடுங்கள். பெருமழை இரவில் இந்த அறிகுறிகள் தெரிந்தால் புகார் எழுத நேரமில்லை, உடனே வெளியேறுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் வெள்ளம் தம்மைத் தொடாது என்று நினைத்துவிடுகிறார்கள். மின்தூக்கி நின்று, நீரேற்றும் பம்பும் நின்றால் பதினைந்தாம் மாடியில் குடிநீர் இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள். நிலத்தடியில் நிறுத்திய காரும் மூழ்கும்.

எச்சரிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியாவின் மைசுவாச்சா செயலியைக் கைப்பேசியில் ஏற்றுங்கள். எச்சரிக்கைகள் மலாயில் முதலில் வரும், ஆகவே சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. 'ரிபுட் பெத்திர்' என்றால் இடிமின்னலுடன் கூடிய புயல்மழை. இந்த எச்சரிக்கை குறுகிய நேரத்துக்கானது, ஆறு மணி நேரத்துக்கு மேல் போகாது. 'ஹுஜான் பெர்த்தெருசான்' என்றால் தொடர்மழை. இதற்கு மூன்று படிகள் உண்டு: மஞ்சள் நிறத்தில் 'வாஸ்பாடா' (கவனம்), ஆரஞ்சில் 'புரோக்' (மோசம்), சிவப்பில் 'பஹாயா' (ஆபத்து). தொடர்மழை எச்சரிக்கை பெரும்பாலும் ஓரிரு நாள் முன்பே வரும். நமக்குக் கிடைக்கும் மிக நீண்ட அவகாசம் அதுதான், வீணாக்காதீர்கள்.

நீர்ப்பாசன வடிகால் துறை ஆறுகளின் நீர்மட்டத்தை 'பப்ளிக் இன்ஃபோ பாஞ்சிர்' என்ற இணையத்தளத்தில் நேரடியாகக் காட்டுகிறது. உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள அளவை நிலையம் எது என்று இப்போதே கண்டுபிடித்துக் குறித்துவையுங்கள். அங்கே 'வாஸ்பாடா', 'அமாரான்' (எச்சரிக்கை), 'பஹாயா' என்று மூன்று கோடுகள் இருக்கும். நடுக்கோடான அமாரானைத் தொட்டதும் தாழ்வான வீட்டில் உள்ளவர்கள் கிளம்ப ஆயத்தமாக வேண்டும் என்பது என் கருத்து. பஹாயாவுக்காகக் காத்திருந்தால் தெரு ஏற்கெனவே மூழ்கியிருக்கும்.

இன்னொன்றையும் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, விடிவதற்குச் சற்று முன்போ காலையிலோ மலாக்கா நீரிணையிலிருந்து திடீரென்று ஒரு கரிய மேகச் சுவர் எழுந்து வரும். 'சுமத்ரா' என்றே அதை அழைக்கிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும், ஆனால் அதற்குள் தகரக் கூரையைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் போகும். காலை ஷிப்டுக்காக மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலத்தைக் கடப்பவர்களுக்கு இது உண்மையான ஆபத்து. பாலம் 13.5 கிலோமீட்டர், இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். நடுவில் மாட்டிக்கொண்டால் ஒதுங்க இடமில்லை. மேற்கு வானம் கறுத்திருந்தால் பாலத்தில் ஏறாதீர்கள். ஒரு மணி நேரத் தாமதத்துக்கு மேலாளரிடம் விளக்கம் சொல்லிக்கொள்ளலாம்.

அவசர எண் 999. மின்கம்பி அறுந்தாலோ மின்தடை என்றாலோ மின்நிறுவனமான தெனாகா நேஷனலின் 15454. இரண்டையும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மாவுக்கு உங்கள் கைப்பேசியைத் திறக்கத் தெரியாமல் இருக்கலாம். மின்சாரம் போன நேரத்தில் பேட்டரியில் ஓடும் சிறு வானொலி கைகொடுக்கும். மின்னல் எஃப்எம் தமிழிலேயே செய்தி சொல்கிறது.

வெயில் நாளில் செய்ய வேண்டிய வேலைகள்

தீபாவளிக்கு வீடு கழுவிச் சாயம் பூசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இந்த ஊரின் மழைக்காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் வேறில்லை. ஏணி போட்டு ஒட்டடை அடிக்கும் அதே நாளில் கூரையையும் பாருங்கள். ஓடு நகர்ந்திருக்கிறதா, தகரத்தின் திருகாணி துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறதா, மழைநீர்த் தாழ்வாரத்தில் இலை அடைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். கார் நிறுத்தும் இடத்தின் மேற்கூரையும் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சித் தட்டும்தான் காற்றில் முதலில் பறப்பவை. அவற்றின் பிடிப்பை ஆட்டிப் பார்த்தாலே தெரியும்.

வீட்டைச் சுற்றியுள்ள கால்வாயில் நெகிழிப் பை, தேங்காய் மட்டை, உதிர்ந்த இலை எதுவும் இல்லாமல் வாரிவிடுங்கள். பின்சந்துக் கால்வாய் யாருடைய பொறுப்பு என்று வாதாடுவதில் பயனில்லை. மாநகர் மன்றத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வருவதற்குள் அண்டை வீட்டாருடன் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்களே சுத்தம் செய்துவிடுங்கள். அந்த ஒரு காலையில் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். புதிதாக வந்தவருக்கு அது சாக்கடையைவிடப் பெரிய லாபம்.

வீட்டின் மரக்கிளை கூரைக்கு மேல் நீண்டிருந்தால் வெட்டச் சொல்லுங்கள். சாலையோர மரம் என்றால் நீங்களாக வெட்டக் கூடாது, மாநகர் மன்றத்திடம் முறையிடுங்கள். அடுக்குமாடியில் பலகணியில் வைத்த பூந்தொட்டி, துணி காயவைக்கும் மூங்கில், மாவு அரைக்கும் கல் எதுவாக இருந்தாலும் உள்ளே எடுத்துவைக்கும் இடத்தை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். பத்தாவது மாடியிலிருந்து விழும் துளசித் தொட்டி ஆளைக் கொன்றுவிடும். ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா ஒட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. கொக்கி சரியாகப் பூட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள், காற்றடிக்கும்போது கண்ணாடியிலிருந்து விலகி இருங்கள்.

மின்சாரப் பெட்டியில் இஎல்சிபி என்ற சிறு விசை இருக்கும். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிப்பது அதுதான். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விசை உடனே கீழே விழ வேண்டும். விழவில்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். வெள்ள நேரத்தில் உயிரைக் காப்பது மணல் மூட்டையைவிட இந்தச் சிறு விசைதான். வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் மெயின் விசை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும், இருட்டில் கைவைத்துக் கண்டுபிடிக்கவும் தெரிய வேண்டும்.

தரைத்தள வீட்டுக்காரர்கள் சில மணல் மூட்டைகளைக் கட்டிவைப்பது நல்லது. அவை நீரை முழுவதுமாக நிறுத்தாது, வேகத்தைக் குறைத்துச் சேற்றைத் தடுக்கும். நீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே கழிவறைத் துளை வழியாகப் பொங்கி வரும் என்பதைப் பலர் அறிவதில்லை. மணல் நிரப்பிய தடித்த பையை அந்தத் துளையின் மேல் அழுத்தி வைத்தால் அதைத் தடுக்கலாம்.

ஆவணங்கள்: இதில் மட்டும் சோம்பல் கூடாது

சோபா நனைந்தால் வேறு வாங்கலாம். நம் சமூகத்தில் பிறப்புச் சான்றிதழ் இல்லாமலும் குடியுரிமைத் தாள் கிடைக்காமலும் பல ஆண்டுகள் அலைந்த குடும்பங்கள் எத்தனையோ. கையிலிருக்கும் தாளையும் வெள்ளத்தில் விட்டுவிட்டு மறுபடி அந்த வரிசையில் நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. ஆகவே இந்தப் பகுதியை அழுத்திச் சொல்கிறேன்.

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மைகார்டு என்ற மலேசிய அடையாள அட்டையின் நகல், கடப்பிதழ், வேலை அனுமதி, வீட்டு ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள், பள்ளிச் சான்றிதழ்கள், நகைக்கடை ரசீது, வங்கிப் புத்தகம், மருத்துவ அட்டை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். தனித்தனியாகத் தெளிந்த நெகிழி உறையில் போட்டு, அதன் பிறகு இறுக்கமாக மூடும் பெட்டியில் வையுங்கள். பீரோவின் அடித்தட்டில் வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், தலைக்கு மேலே உள்ள அடுக்கில் வையுங்கள். பட்டுப்புடவைகளுக்கும் திருமண ஆல்பத்துக்கும் இதே விதிதான்.

ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படமெடுத்து, ஊரிலுள்ள உடன்பிறப்பு ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். உங்கள் கைப்பேசியும் சேர்ந்தே மூழ்கலாம். அப்போது தூரத்தில் இருக்கும் நகல்தான் உதவும். தேசியப் பதிவுத் துறை, வெள்ளத்தில் அடையாள ஆவணம் இழந்தவர்களுக்கு மாற்று ஆவணம் தருவதில் சலுகை காட்டுவது வழக்கம். நகல் கையில் இருந்தால் வேலை இன்னும் எளிது. வெளிநாட்டுத் தொழிலாளிகள் ஒரு செய்தியை நினைவில் வைக்க வேண்டும்: உங்கள் கடப்பிதழ் முதலாளியிடம் இருந்தால் அதன் முதல் பக்கத்தின் தெளிவான நகலையாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டையும் இப்போதே பாருங்கள். சாதாரணத் தீக்காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. 'ஹவுஸ்ஓனர்' காப்பீடு கட்டடத்துக்கானது, உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 'ஹவுஸ்ஹோல்டர்' என்று தனியாக உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கு வீட்டு உரிமையாளரின் காப்பீட்டிலிருந்து ஒரு காசும் வராது. காருக்கு முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும் வெள்ளம் அதில் சேராது, 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்ற கூடுதல் பிரிவைச் சேர்க்க வேண்டும். சாலை வரி புதுப்பிக்கும்போது முகவரிடம் கேளுங்கள், கூடுதல் தொகை பெரிதாக இருக்காது.

கையில் எடுத்துக்கொண்டு ஓடும் பை

ஒருவருக்கு ஒரு பை, தோளில் மாட்டக்கூடியது. மாற்று உடை ஒன்று, எல்இடி கைவிளக்கு, சக்தி நிரப்பிய பவர்பேங்க், சில்லறையாகக் கொஞ்சம் ரிங்கிட், மூக்குக்கண்ணாடி, பெண்களுக்கு வேண்டிய நாப்கின்கள், குழந்தைக்குப் பால்மாவு. மின்சாரம் போனால் பணமில்லாப் பரிவர்த்தனையும் போய்விடும், ஆகவே நோட்டு கட்டாயம் வேண்டும்.

மருந்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இல்லாத தமிழ்க் குடும்பம் குறைவு. அரசு சுகாதார நிலையத்தில் மருந்து வாங்கப் போகும் நாளுக்கு முந்தைய நாளில் வெள்ளம் வந்தால் மாத்திரை டப்பா காலியாக இருக்கும். எப்போதும் ஒரு வாரத்துக்கான மருந்து அந்தப் பையில் இருக்க வேண்டும், பழையதை எடுத்துப் புதியதை வைத்துச் சுழற்றிக்கொண்டே இருங்கள். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்கச் சிறு பனிக்கட்டிப் பையும் ஒரு மூடியுள்ள குடுவையும் வேண்டும். பனிக்கட்டியின் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பயன்படாது. மருந்துகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நிவாரண மையத்தில் உள்ள தாதி "என்ன மாத்திரை?" என்று கேட்டால், "வெள்ளையாக, உருண்டையாக" என்று பாட்டி சொல்வதை வைத்து யாரும் மருந்து தர முடியாது.

உணவு எளிது. அவல், பொரி, ரஸ்க், வேர்க்கடலை, மைலோ, டின் மீன். அடுப்பில்லாமல் நனைத்துச் சாப்பிடக்கூடிய அவலைவிட நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை. குடிநீர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று லிட்டர், மூன்று நாளுக்கு. பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. ஆறு கலங்கினால் சுத்திகரிப்பு தடைப்பட்டு, வெள்ளம் எட்டாத வீட்டிலும் குழாய் வறண்டுபோகலாம். எச்சரிக்கை வந்ததும் வாளிகளையும் பெரிய பாத்திரங்களையும் நிரப்பிவிடுங்கள்.

குடும்பத்தில் பேசி முடிவுசெய்ய வேண்டியவை

கணவர் தீவில் வேலையில் இருப்பார், பிள்ளைகள் பெருநிலத்தில் பள்ளியில் இருப்பார்கள், பாலமும் பெர்ரியும் நின்றுபோயிருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகளை யார் அழைத்துவருவது? பெயர் சொல்லி ஒருவரை நியமியுங்கள், பள்ளிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கைப்பேசி இணைப்பு அறுந்தால் எங்கே சந்திப்பது என்பதையும் முடிவுசெய்யுங்கள். மேட்டில் இருக்கும் உறவினர் வீடோ கோயில் மண்டபமோ ஒன்று போதும்.

துயர் துடைப்பு மையம் எங்கே திறப்பார்கள் என்றும் விசாரியுங்கள். பலகையில் 'பிபிஎஸ்' என்று எழுதியிருக்கும், பெரும்பாலும் பள்ளிக்கூடமோ சமூக மண்டபமோதான். அங்கே போனதும் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், பிறகு உதவி கோருவதற்கு அந்தப் பதிவு அடிப்படை. சைவ உணவு மட்டும் உண்பவர் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், கைவசம் அவலும் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் தனியாக வாழும் முதியவர் யார், படுக்கையில் இருக்கும் நோயாளி யார் என்று தெரிந்துவையுங்கள். உணவகத்துக்குப் பின்னால் தரைத்தள அறையில் நெருக்கியடித்துத் தூங்கும் தொழிலாளித் தம்பிகளும் உண்டு. அவர்களுக்கு மலாய் எச்சரிக்கை புரியாது. நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்ப ஒருவர் வேண்டும், அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

நீர் ஏறும்போது செய்ய வேண்டிய வரிசை

முதலில் காரை மேட்டுக்கு ஏற்றுங்கள், தெருவில் நீர் கணுக்காலைத் தொடுவதற்கு முன்பே. அதற்கு மேல் போனால் காரை மறந்துவிடுங்கள். ஓடும் நீர் முப்பது சென்டிமீட்டர் இருந்தாலே சிறிய கார் மிதக்கத் தொடங்கும், அறுபது இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துப்போகும்.

அடுத்து எரிவாயு. உருளையின் விசையை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, உருளையைக் கட்டிவையுங்கள். மிதக்கும் எரிவாயு உருளை வீட்டுக்குள் உலாவுவது பேராபத்து. பூசையறை விளக்கையும் அணைத்துவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். மெழுகுவத்தியும் வேண்டாம், கைவிளக்கே போதும்.

பிறகு மின்சாதனங்களைப் பிடுங்கி உயரத்தில் வையுங்கள். நீர் வீட்டுக்குள் நுழையும் என்று தெரிந்தால், தரை உலர்ந்திருக்கும்போதே மெயின் விசையை அணையுங்கள். கால் நீரில் இருக்கும் நிலையில் விசைப்பெட்டியைத் தொடவே கூடாது. அந்த நிலைக்கு வந்துவிட்டால் அப்படியே விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். நிறைந்த உறைபெட்டி இரண்டு நாள் தாங்கும்.

எப்போது கிளம்புவது? சந்தேகம் எழுந்தாலே கிளம்புங்கள், வெளிச்சம் இருக்கும்போதே. மாடி வீடாக இருந்து நீர் சூழ்ந்துவிட்டால் மேலே போங்கள், வெளியே இறங்காதீர்கள். நடக்க வேண்டிய கட்டாயம் வந்தால் குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள், மூடியில்லாத கால்வாய் எங்கே என்று கலங்கல் நீரில் தெரியாது. பிள்ளைகள் வெள்ளத்தில் விளையாடுவதைப் படமெடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

நீர் வடிந்த பிறகு

துடைப்பத்தை எடுப்பதற்கு முன் கைப்பேசியை எடுங்கள். சுவரில் நீர் நின்ற கோட்டையும், கெட்டுப்போன ஒவ்வொரு பொருளையும், காரை அதன் எண் தகடு தெரியும்படியும் படமெடுங்கள். காப்பீட்டுக்கும் உதவித் தொகைக்கும் காவல்துறைப் புகார் கேட்கப்படலாம், சீக்கிரமே போய்ப் பதிந்துவிடுங்கள். மூழ்கிய காரை "ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம்" என்று முடுக்காதீர்கள், இயந்திரம் முழுவதும் போய்விடும். இழுத்துச் செல்லும் வண்டியை வரவழையுங்கள்.

சேறு ஈரமாக இருக்கும்போதே கழுவிவிடுங்கள், காய்ந்தால் கல்லாகிவிடும். கையுறையும் முழங்கால் வரையிலான பூட்சும் இல்லாமல் இறங்காதீர்கள். தரையைக் கழுவிய பின் இருபது லிட்டர் நீருக்கு ஒரு கோப்பை குளோரோக்ஸ் வெளுப்புத் திரவம் கலந்து துடையுங்கள், வேறு எந்தக் கழிவறைத் திரவத்துடனும் அதைச் சேர்க்காதீர்கள், நச்சுவாயு எழும். அலமாரிக்குப் பின்னாலோ துணிக்குவியலிலோ பாம்பு இருந்தால் அடிக்கப் போகாமல் பொதுத் தற்காப்புப் படையையோ தீயணைப்பு மீட்புப் படையையோ அழையுங்கள். மின்சாரத்தை மின்பணியாளர் சோதித்த பிறகே போடுங்கள். வெள்ளநீர் தொட்ட உணவை, மூடிய அரிசி மூட்டையாக இருந்தாலும், எறிந்துவிடுங்கள். நம் வீடுகளில் அரிசியை எறிவது மனதுக்குக் கஷ்டமான காரியம் என்பது தெரியும், ஆனாலும் எறியுங்கள்.

தொட்டி, வாளி, டயர், பூந்தொட்டித் தட்டு எதிலும் நீர் தேங்க விடாதீர்கள். ஒரு வாரத்துக்குச் சற்று மேல் போதும், ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வந்துவிடும்.

அடுத்த மூன்று வாரங்களில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், பெனடால் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கெண்டைக்கால் வலியும் கண்சிவப்பும் சேர்ந்திருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீர், காலில் இருக்கும் சிறு கீறல் வழியாகவே உடலுக்குள் போகிறது. மருத்துவர் கேட்பார் என்று எதிர்பார்க்காமல், எந்த நாளில் எவ்வளவு நேரம் வெள்ளநீரில் நின்றீர்கள் என்பதை முதலில் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.